பிரேக் எண்ணெய்க்கும் வயதாகும்



ஒரு காலத்தில் சைக்கிள் சாய்த்து வைத்திருந்த லயத்து வாசலில் இன்று கார் நிற்கிறது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன குடும்பங்களைக் கேட்கவே வேண்டாம். ஒரு காருக்கு இரண்டாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் கை மாறி வந்த வண்டிகள். 1994இல் வந்து 2009இல் தயாரிப்பு நின்று போன கஞ்சில் இன்னும் நம் பக்கத்துச் செம்மண் பாதைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய சாகாவும் அப்படியே.

இந்தக் கார்களை நம்மவர்கள் நன்றாகத்தான் பார்த்துக் கொள்கிறார்கள். டயருக்குக் காற்று, எஞ்சினுக்கு எண்ணெய், ரேடியேட்டருக்குத் தண்ணீர், கண்ணாடிக்கு முருகன் படம், எதிலும் குறை வைப்பதில்லை. ஆனால், “பிரேக் எண்ணெயை எப்போது மாற்றினீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “குறைந்தால் ஊற்றிக் கொள்வோம், சார்” என்பதுதான் பத்துப் பேரில் எட்டுப் பேரின் பதில். இந்தப் பதில் ஏன் போதாது என்பதுதான் இந்த மாதப் பேச்சு. தாய்மார்களே, இது ஆண்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தக் காரில் பின் இருக்கையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருபவர் நீங்கள்தான். இப்போது பல வீடுகளில் ஓட்டுபவரும் நீங்கள்தான்.

நீங்கள் மிதிக்கும் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் இடையில் கம்பியோ சங்கிலியோ கிடையாது. மெல்லிய குழாய்களில் நிரம்பிய எண்ணெய் மட்டுமே இருக்கிறது. காலால் அழுத்தும்போது அந்த எண்ணெய் அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் எடுத்துச் சொன்ன விதி இது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும்.

இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே செய்து காட்டலாம். மருந்துக் கடையில் ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு இரண்டு வாங்குங்கள். மீன் தொட்டிக்குக் காற்று விடும் குழாயில் ஒரு முழம் எடுத்து, இரண்டையும் இணைத்து, முழுக்கத் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது அந்தக் கணமே வெளியே நகரும். இப்போது தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயில் பாதி காற்று இருக்கும்படி விட்டு அழுத்துங்கள். மற்ற சிரிஞ்சின் தண்டை யாராவது விரலால் இறுக்கிப் பிடித்திருந்தால், உங்கள் கை உள்ளே போகும். அந்தப் பக்கம் அசையாது. காற்று சுருங்கிக் கொடுத்துவிட்டது. திரவம் அப்படிச் சுருங்காது. பிரேக் வேலை செய்வதும் செய்யாமல் போவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

காருக்குள் காற்று எப்படி வரும் என்று கேட்பீர்கள். காற்று வர வேண்டியதில்லை. நீராவி வந்தால் போதும். அதுவும் சுருங்கும் சாதிதான்.

இங்கேதான் நம் ஊர்த் தட்பவெப்பம் குறுக்கிடுகிறது. மழைக்காலத்தில் அடுக்களை ஜாடியிலுள்ள உப்பு தானாகவே கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் இருக்கும் ஈரத்தை உப்பு இழுத்துக் கொள்கிறது. நம் கார்களில் ஊற்றும் பிரேக் எண்ணெய்க்கும் அதே குணம் உண்டு. எண்ணெய் என்று பேருக்குச் சொல்கிறோமே தவிர, அது கிளைகால் வகையைச் சேர்ந்த ரசாயனத் திரவம். தண்ணீரைக் கண்டால் சேர்த்துக் கொள்ளும். தொட்டி மூடியின் சிறு துவாரம் வழியாகவும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. வெயில் காலம் என்று தனியாக ஒன்று வந்து காய வைத்துவிட்டுப் போகும் ஊரல்ல இது. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், நிழலில் நின்றாலும், எண்ணெய் ஈரம் குடித்துக் கொண்டே இருக்கும். “மாதம் இரண்டு தடவைதான் சார் எடுக்கிறேன்” என்பவரின் எண்ணெயும் கெடும்.

போத்தலின் மேல் டாட் 3, டாட் 4 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கப் போக்குவரத்து இலாகா வகுத்த தரம் அது. டாட் 3 என்றால், முத்திரை உடைக்காத புது எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. டாட் 4க்கு 230 டிகிரி. இது புது எண்ணெயின் கணக்கு. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் எந்த அளவில் கொதிக்கலாம் என்றும் அதே தரத்தில் சொல்லியிருக்கிறார்கள்: டாட் 3க்கு 140, டாட் 4க்கு 155. நூறு கரண்டி எண்ணெயில் நான்கு கரண்டி கூட இல்லை தண்ணீர். அதற்குள் 65, 75 டிகிரி கீழே இறங்கிவிடுகிறது.

அந்த எண்ணெய் எப்போது கொதிக்கும்? தீபாவளி நெருக்கத்தில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நூறு முறை மிதித்து நிறுத்தினாலும் கொதிக்காது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஊர்ந்தாலும் கொதிக்காது. மெதுவாகப் போகும் காரை நிறுத்துவதில் எழும் சூடு சொற்பம். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. இது ஒரு கணக்கு. மலையிறக்கம் இன்னொரு கணக்கு. கெந்திங் மலை உச்சியிலிருந்து கரக் நெடுஞ்சாலைக்கு வரும்போது ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறோம். சிறிய காரும் ஐந்து பேரும் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்துக் கொள்வோம். ஆயிரம் மீட்டர் இறக்கத்தில் அந்தப் பாரம் வெளிவிடும் சக்தி, ஏறக்குறைய 30 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இரண்டு வாளித் தண்ணீர்! எஞ்சினும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை வாங்கிக் கொள்ளும். கியரைக் குறைக்காமல், காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் மீதி முழுவதும் நான்கு சக்கரத்துப் பிரேக்குகளின் தலையில்தான். பக்கத்திலேயே எண்ணெய் இருக்கிறது.

என் மாணவி ஒருத்தியின் குடும்பத்துக்கு இது நடந்தது. அண்ணன்காரன் ஷா ஆலாம் தொழிற்சாலையில் வேலை பார்த்துச் சேமித்த காசில் பழைய கஞ்சில் ஒன்று வாங்கினான். பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, தங்கை எல்லாரையும் கெந்திங்குக்கு அழைத்துப் போனான். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பஞ்சு போல அமுங்கி அடி வரைக்கும் போய்விட்டது. பையன் நல்ல வேளையாகக் கலங்கவில்லை. தானியங்கி கியரை ‘எல்’லுக்கு இழுத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, மலைச்சுவர்ப் பக்கத்து ஓரத்தில் உரசிக்கொண்டு நிறுத்தினான்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பிரேக் கல் மாதிரி நிற்கிறது! மெதுவாக வீடு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் பட்டறையில் காட்டினால், “பிரேக் பேட் நன்றாக இருக்கிறது, எண்ணெய் மட்டமும் சரியாக இருக்கிறது, ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா எலுமிச்சம்பழம் வாங்கி நான்கு சக்கரத்துக்கும் வைத்தார். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு வந்த அப்பா என்னிடம், “அந்த வளைவில் ஏதோ இருக்கிறது சார்” என்றார். “அண்ணே, வளைவில் ஒன்றுமில்லை. எண்ணெயை மாற்றச் சொல்லுங்கள்” என்றேன். வேறொரு பட்டறையில் உறிஞ்சி எடுத்தபோது கோப்பி ஓ நிறத்தில் வந்திருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. அதற்கு முன் இருந்தவர் மாற்றினாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

சூடு ஆறியதும் நீராவி மறுபடி தண்ணீராகி எண்ணெயோடு கலந்துவிடும். பிரேக் பழையபடி பிடிக்கும். தடயமே இராது. இந்தக் கோளாறு ஆபத்தானது என்பதற்கு அதுதான் காரணம். மறுநாள் பட்டறையில் அதைக் காட்ட முடியாது. அடுத்த மலையில்தான் மறுபடி தெரியும்.

அப்படி ஒரு நிலை யாருக்காவது வந்தால், பையன் செய்ததைத்தான் செய்ய வேண்டும். பிரேக்கை விட்டு விட்டு வேகமாகப் பல தடவை மிதியுங்கள். கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கியரைப் படிப்படியாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான பழைய கார்களில் கம்பியால் இழுக்கப்படுவது. எண்ணெய் கொதித்தாலும் அது வேலை செய்யும். ஆனால் ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். புதிய கார்களில் பொத்தானாக இருந்தால் அதை விடாமல் பிடித்திருக்க வேண்டும். உங்கள் கார்க் கையேட்டில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கும், முன்கூட்டியே படித்து வையுங்கள். எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். மலையில் ‘குனா கியர் ரெண்டா’ என்று பலகை வைத்திருப்பது இந்தச் சங்கடம் வராமலிருக்கத்தான். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லோரி ஓட்டுநர்கள் சொல்வார்கள். அதைவிட நல்ல பாடம் நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

இனி ‘குறைந்தால் ஊற்றுவது’ என்ற வழக்கத்துக்கு வருவோம். எஞ்சின் எண்ணெய் கொஞ்சம் எரிந்து குறையலாம். பிரேக் எண்ணெய் எரிவதில்லை. மூடிய குழாயில் இருப்பது. அது குறைந்தால் இரண்டே காரணம். பிரேக் பேட் தேய்ந்து, அந்த இடத்தை எண்ணெய் நிரப்பியிருக்கிறது. அல்லது எங்கோ கசிகிறது. பேட் தேய்ந்து குறைந்ததை நிரப்பி வைத்தால், புதுப் பேட் போடும்போது தொட்டி வழிந்து பெயின்ட்டைத் தின்னும். கசிவால் குறைந்ததை நிரப்பி வைத்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மட்டம் இறங்கினால் ஊற்றுவதற்கு முன் ஏன் இறங்கியது என்று பாருங்கள். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருக்கிறதா, ஓட்டுநர் காலடியில் கம்பளம் நனைந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எஞ்சினை அணைத்து, நான்கைந்து தடவை மிதித்து, பிறகு அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே போனால் உள்ளே ரப்பர் தேய்ந்து கசிகிறது என்று பொருள். (அப்படி அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்பும்போது சற்று இறங்குவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.)

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புது எண்ணெய் பொதுவாக இளந்தேன் நிறத்தில் இருக்கும். தே ஓ நிறத்துக்கு வந்தால் வயதாகிறது. கோப்பி ஓ என்றால் தாமதிக்கக் கூடாது. ஆனால் நிறம் நன்றாக இருப்பதாலேயே தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியாது. தண்ணீருக்கு ஏது நிறம்? காலக்கணக்குதான் நம்பகமானது. இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். உங்கள் காரின் கையேடு வேறு சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

ரப்பர் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி சொல்லத் தோன்றுகிறது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்த முதல் கார் 1921இல் அமெரிக்காவில் வந்த டூசன்பர்க். அடுத்து வந்த பல்லாண்டுக் காலம் பிரேக் திரவமாகப் பயன்பட்டது எது தெரியுமா? சாராயச் சத்துக் கலந்த விளக்கெண்ணெய்! பாட்டி பேதிக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். பிரேக்குக்குள் இருந்த வளையங்கள் இயற்கை ரப்பர். நம் பெரியவர்கள் விடியற்காலையில் வெட்டிச் சேர்த்த பாலிலிருந்து வந்த ரப்பர். மண்ணெண்ணெயில் விழுந்த ரப்பர் வளையம் ஊறி உப்பிப் போவதைப் பால் கொட்டகையில் வேலை செய்த யாரும் அறிவார்கள். விளக்கெண்ணெய் ரப்பரை அப்படிக் கெடுப்பதில்லை. இப்போது வளையங்கள் செயற்கை ரப்பராக மாறிவிட்டன, திரவமும் மாறிவிட்டது. ஆனால் ரப்பரும் திரவமும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதி மாறவில்லை. ஆகவே அவசரத்துக்கு என்று எஞ்சின் எண்ணெயையோ பவர் ஸ்டீயரிங் எண்ணெயையோ சமையல் எண்ணெயையோ அந்தத் தொட்டியில் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள். வளையங்கள் உப்பி, மொத்தப் பிரேக்கையும் கழற்றி மாற்றும்படி ஆகிவிடும். 2010 அக்டோபரில் டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் ஏறக்குறைய 15 லட்சம் கார்களைத் திருப்பி அழைத்தது இப்படி ஒரு வளையத்துக்காகத்தான். மாற்றி ஊற்றிய சில திரவங்களில் வழவழப்புத் தரும் ஒரு பொருள் இல்லாததால் ரப்பர் வறண்டு சுருண்டு கசிய இடமுண்டு என்று கண்டுபிடித்தார்கள். அத்தனை நுணுக்கமான விஷயம்.

டாட் 3 சொன்ன காருக்கு டாட் 4 ஊற்றலாம்; டாட் 4 சொன்ன காருக்கு 3 ஊற்றக் கூடாது. டாட் 5 என்பது முற்றிலும் வேறு, சிலிக்கோன் வகை. நம் கார்களின் எண்ணெயோடு சேராது. டாட் 5.1 என்று இன்னொன்று இருக்கிறது. பெயர் அண்ணன் தம்பி போல இருந்தாலும் அது கிளைகால் குடும்பம். ஒரு புள்ளியைப் பார்க்காமல் வாங்கினால் வம்பு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய கார் வாங்குவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா முழுகியதை மறந்திருக்க மாட்டோம். கார்கள் கூரை வரை தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற காரில் தொட்டி மூடி வழியாகச் சேற்றுத் தண்ணீர் போயிருக்கும். இருக்கையைக் காய வைத்து, வாசனை தெளித்து விற்பவர் பிரேக் எண்ணெயை மாற்றியிருப்பார் என்று நம்பாதீர்கள். தண்ணீர் கொதிப்பது மட்டும் தொல்லையல்ல. உள்ளே இரும்பைத் துருப்பிடிக்க வைத்து, அந்தத் துரு ரப்பரைக் கீறும். எந்தப் பழைய கார் வாங்கினாலும், ரோடு டேக்ஸ் கட்டிய கையோடு பிரேக் எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

பட்டறையில் என்ன சொல்வது? சீனரோ மலாய்க்காரரோ நம்மவரோ, தெளிவாகச் சொல்லுங்கள்: “மிஞ்ஞா பிரேக் துக்கார், புக்கான் தம்பா.” மாற்றுவது, சேர்ப்பது அல்ல. சிலர் தொட்டியில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துப் புதிதாக ஊற்றிவிட்டு மாற்றியாயிற்று என்பார்கள். பழைய எண்ணெய் குழாய்களிலும் சக்கரத்திலும் அப்படியே இருக்கும். கொதிப்பது சக்கரத்தில் இருப்பதல்லவா? நான்கு சக்கரத்திலும் திருகைத் திறந்து, பழையது போய்ப் புதியது வரும் வரை வெளியேற்ற வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள், அதில் வெட்கமில்லை. புதுப் போத்தலை உங்கள் எதிரில் திறக்கச் சொல்லுங்கள். பாதி ஊற்றி ஆறு மாதமாக அலமாரியில் நிற்கும் போத்தலில் ஈரம் ஏற்கெனவே குடிபுகுந்திருக்கும். வெளியேற்றியதை மறுபடி ஊற்றவே கூடாது. வீட்டிலேயே செய்து பார்க்கலாமா என்று கேட்கும் இளைஞர்களுக்கு: தொட்டி ஒரு கணம் வறண்டாலும் குழாயில் காற்று புகுந்துவிடும். ஏபிஎஸ் உள்ள காரில் அதை வெளியேற்றத் தனிக் கருவி தேவைப்படலாம். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

கப்சாய் மோட்டார் வைத்திருப்பவர்களே, முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால் உங்களுக்கும் இதே கதைதான். கைப்பிடிக்குப் பக்கத்தில் சிறு கண்ணாடிச் சாளரம் வைத்த டப்பா ஒன்று இருக்கிறதே, அதுதான் தொட்டி. செம்பனைக் காட்டில் வெயிலிலும் மழையிலும் நாள் முழுக்க நிற்பது அது. அளவு சிறியது, ஆகவே கெடுவதும் விரைவு.

கடைசியாக, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். இந்த எண்ணெய் நஞ்சு. மிச்சத்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி அடுக்களைப் பக்கம் வைக்காதீர்கள். களைக்கொல்லியை அப்படி வைத்து நடந்த கொடுமைகள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். காரின் பெயின்ட்டில் சிந்தினால் துடைத்துக் கொண்டிராமல் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் பட்டறையிலேயே விட்டு வாருங்கள். சேர்த்து வைத்து எடுத்துப் போக அவர்களிடம் ஆள் வருவார். மாற்றிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பானட்டின் உட்புறம் ஒட்டி வைத்தால், அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் டயரைப் பார்ப்போம். அதன் பக்கவாட்டில் நான்கு எண்கள் அச்சடித்திருக்கும்; அதற்குள் உங்கள் கார் டயரில் அது என்ன எண் என்று பார்த்து வையுங்கள்.